சித்திரப் படங்களும் கைவரையின் வனப்பும்

சிறுவர்க்குரிய வேடிக்கையென்று பெரியோர் ஒதுக்கிவிடும் கலைகளுள் சித்திரப் படமும் ஒன்று. பூனை எலியைத் துரத்துவதையும், வாத்து ஒன்று வெகுண்டு குதிப்பதையும் கண்டு சிரித்துவிட்டு எழுந்து போகலாம். அதன்கண் ஆராய்தற்கு என்ன உண்டு என்று வினவுவோர் பலர். ஆயின், எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கையால் வரையப்பட்ட அப்படங்கள் இன்றும் பார்ப்போரைப் பிணித்து நிற்கின்றன. அவற்றோடு ஒருங்கு வளர்ந்த முதியோரை மட்டும் அவை பிணித்திருப்பின், பழமையின்மேற் கொண்ட பற்றே காரணம் என்று கூறி அமைந்துவிடலாம். ஆனால், 1930ஆம் ஆண்டுகளின் சித்திரப் படப் பாணியைப் பின்பற்றித் தாளிலே கையால் வரைந்து ஆக்கப்பட்ட 'கப்ஹெட்' என்னும் கணினி விளையாட்டு 2017ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, அதனை விரும்பி ஏற்றவர்கள் அந்த ஆண்டுகளிற் பிறந்தேயிராத இளைஞர்கள். ஆதலின், அவ்வனப்புக்குக் காரணம் நினைவின் இனிமையன்று, வேறொன்றாதல் வேண்டும்.

அதனை அறிதற்கு, இப்படங்கள் உண்டாகும் முறையை முதலிற் சிறிது நோக்குதல் நன்று. சினிமாப் படச்சுருள் ஒரு விநாடிக்கு 24 சட்டங்களைத் திரையில் வீழ்த்துகின்றது. ஒவ்வொரு சித்திரத்தையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திப் படம் பிடிப்பது பெருவழக்காதலின், விநாடிக்குப் பன்னிரண்டு சித்திரங்கள் வேண்டப்படும். ஏழு நிமிடம் ஓடும் படம் ஒன்றில் 10,080 சட்டங்கள் உள்ளன. ஒரேயொரு பாத்திரம் ஓயாது இயங்குவதாயினும் அதற்கு 5,040 சித்திரங்கள் வரைதல் வேண்டும். பாத்திரம் இரண்டாயின் தொகையும் இரட்டிக்கும். தலைமை ஓவியர் ஓர் அசைவின் தொடக்கம், உச்சம், முடிவு ஆகியவற்றை மாத்திரம் வரைவார். அவற்றின் இடைவெளிகளை இளைய ஓவியர் நிரப்புவர். இடையிலே எத்தனை சித்திரங்கள் வரல் வேண்டும், அவை எங்கே நெருங்கியும் எங்கே அகன்றும் நிற்றல் வேண்டும் என்பதையும் தலைமை ஓவியரே குறித்துக் கொடுப்பார்.

இக்குறிப்பிலேதான் கலை அடங்கியுள்ளது. ஒரு கை கிண்ணத்தை நோக்கி நீள்வதாகக் கொள்வோம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே மூன்று சித்திரங்களே இருப்பின், கை கிண்ணத்தைப் பறிக்கின்றது. பதினைந்து இருப்பின், அஞ்சி அஞ்சிச் செல்கின்றது. முதற்பாதியில் நெருக்கமாகப் பன்னிரண்டும் பிற்பாதியில் இரண்டும் வைத்தால், அஞ்சித் தயங்கிய கை பின் ஒரேயடியாகப் பாய்கின்றது. கள்வன் ஒருவனின் உள்ளம் முழுவதும் நம் கண்முன் தோன்றிவிடுகின்றது. மூவிடத்தும் தொடக்கமும் முடிவும் ஒன்றே, இடைவெளியே வேறு. கனடாவிற் பணியாற்றிய நோர்மன் மக்லாரன் என்னும் ஓவியர், ஒவ்வொரு சட்டத்திலும் இருப்பதைக் காட்டிலும் இரண்டு சட்டங்களுக்கு இடையே நிகழ்வதே பெரிது என்று கருதினார். சித்திரம் அழகாயிருத்தல் நன்றே. ஆயினும் சித்திரப் படத்தின் வனப்பு சித்திரத்தில் இல்லை. ஒரு சித்திரத்துக்கும் அடுத்த சித்திரத்துக்கும் இடையே ஓவியன் செய்யும் தீர்ப்பில் உள்ளது. இக்கட்டுரை நிலைநாட்ட முயல்வது இதனையே.

இக்கலையின் தொடக்க காலத்து மேதை ஒருவர் இதனை நன்குணர்ந்திருந்தார். அவருக்கு முன்னரே, 1908ஆம் ஆண்டில், பாரிசு நகரிலே எமீல் கோல் என்பவர் ஏறத்தாழ 700 சித்திரங்களைக் கொண்டு இரண்டு நிமிடத்துக்கும் குறைந்த ஒரு படத்தை ஆக்கியிருந்தார். கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதியன போன்ற கோடுகள் அதிலே தாமே இயங்கும். மதுப்புட்டி பூவாக மாறும். அது கனவின் போக்கு. அக்கோடுகளுக்கு ஆற்றல் உண்டு, உடல் இல்லை. சித்திரத்துக்கு உடலும் உயிர்ப்பும் கொடுத்தவர் அமெரிக்கப் பத்திரிகை ஓவியரான வின்சர் மக்கே. அவர் 1914ஆம் ஆண்டில் ஆக்கிய 'டைனோசர் கேர்ட்டி' என்னும் படம் முதலிற் காட்டப்பட்டது நாடக மேடையிலேயாம். மக்கே கையிற் சவுக்கோடு திரைக்கு அருகில் நின்று கட்டளையிடுவார். திரையிலுள்ள கேர்ட்டி சிலவற்றுக்குப் பணியும், சிலவற்றுக்குப் பணியாது. அவர் வைதால் குழந்தை போல் அழும். அவர் அப்பிள் ஒன்றை வீசுவது போற் காட்டுவார். சித்திரத்திலுள்ள விலங்கு அதனை வாயாற் பற்றும். ஈற்றில் அவர் திரைக்குப் பின் மறைய, வரையப்பட்ட சிறு மனிதனாகத் திரையிலே தோன்றிக் கேர்ட்டியின் மேல் ஏறிச் செல்வார்.

இவற்றினும் பெரிதாக எமக்குத் தோன்றுவது வேறொரு நுட்பம். படுத்திருக்கும் கேர்ட்டியின் வயிறு மெல்ல ஏறி இறங்குகின்றது. அவ்வுயிர்ப்பின் காலத்தை அறிதற்கு மக்கே தமது மூச்சையே அளந்து பார்த்தார். உலகில் எவரும் உயிரோடு கண்டிராத ஒரு விலங்கு. அதன் மூச்சு ஒரு மனிதனின் மூச்சு. பார்ப்போர் இதனை அறியார். ஆயினும் அவ்விலங்கு உயிருள்ளதென்பதை ஐயுறவும் மாட்டார். மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. அக்காலத்திற் பின்னணியை வேறாக வரையும் முறை மக்கேக்கு வாய்க்கவில்லை. எனவே மலையும் பாறையும் நீர்நிலையும் ஒவ்வொரு தாளிலும் மீண்டும் மீண்டும் ஓர் இளைஞரால் வரையப்பட்டன. எத்துணைக் கவனமாக வரையினும் ஒரு கோடு மற்றொரு கோட்டோடு முற்றாக ஒவ்வாது. ஆதலால் திரையிலே பாறைகளும் மெல்ல நடுங்குகின்றன. குறையென்று கூறத்தக்க இந்நடுக்கத்தைத் திருத்தப் பிற்காலத்தார் பெரும்பாடுபட்டனர். அதனை நீக்கியபின் சிலர் அதற்காக ஏங்கினர்.

நடுக்கத்தை நீக்கிய கருவி செலுலோயிட் தாள். ஏர்ள் ஹேர்ட் என்னும் அமெரிக்கர் 1914ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப்பத்திரம் கோரினார். ஒளி ஊடுருவும் தாளிலே பாத்திரத்தை மட்டும் வரைந்து, ஒருமுறை தீட்டிய பின்னணியின் மேல் வைத்துப் படம் பிடிக்கலாம் என்பதே அம்முறை. இதனால் உழைப்புப் பன்மடங்கு குறைந்தது. படம் ஆக்குதல் ஒரு மனிதனின் தவம் என்ற நிலை மாறித் தொழிற்சாலைக்குரிய தொழிலாயிற்று. 1919இல் தோன்றிய 'பீலிக்ஸ்' என்னும் கரும்பூனை அத்தொழிலின் முதற் பெருநடிகன். ஐயம் வந்தாற் பீலிக்ஸின் வால் கேள்விக்குறியாகும். கருவி வேண்டின் அவ்வாலே கழன்று கருவியாகும். அக்காலப் பாத்திரங்களின் கைகால்கள் எலும்பற்ற குழாய்கள் போல் வளைவன. அந்த எளிமையிலும் ஓரழகு உண்டெனினும், அதிலே பாரம் இல்லை. குதித்த பாத்திரம் நிலத்தில் வந்து விழுந்தால் நிலத்துக்கும் அதற்கும் தொடர்பு தோன்றாது.

வோல்ட் டிஸ்னியின் பெயரைக் கேட்டவுடன் பலரும் மிக்கி மௌஸையே நினைப்பர். 1928 நவம்பர் 18ஆம் நாள் நியூ யோர்க் நகரிலே திரையிடப்பட்ட 'ஸ்டீம்போட் வில்லி', ஒலியும் அசைவும் ஒன்றோடொன்று பொருந்த அமைந்தமையாற் புகழ் பெற்றது உண்மையே. அதனை மிகுதியும் வரைந்தவர் அப் ஐவேர்க்ஸ் என்பதையும் கூறுதல் வேண்டும். ஆயினும் கலையின் போக்கைத் திருப்பிய படம் எமது கருத்தில் 1933இல் வெளிவந்த 'மூன்று சிறு பன்றிகள்' ஆகும். மூன்று பன்றிகளும் உருவத்தால் ஏறத்தாழ ஒன்றே, உடையே வேறு. குழலூதும் பன்றியும் பிடில் வாசிக்கும் பன்றியும் துள்ளித் திரிவன. செங்கல் அடுக்கும் மூன்றாவது பன்றி காலூன்றி நடப்பது. யார் எவர் என்பதை நாம் நடையால் அறிகின்றோம். உருவத்தினாலன்றி அசைவினாலேயே குணத்தைக் காட்டலாம் என்பது அன்று தெளிவாயிற்று.

அப்பட்டறையில் ஓவியர்க்கு இடப்பட்ட பயிற்சி ஒன்று சுவையுடையது. அரைவாசி மா நிரப்பிய சாக்கு ஒன்றை வரைந்து, அதனை மகிழச் செய்க, வருந்தச் செய்க, செருக்குறச் செய்க என்பர். சாக்குக்கு முகமில்லை, கையுமில்லை. நான்கு மூலைகளே உண்டு. நிலத்தில் விழும்போது அது பக்கங்களிற் பிதுங்கித் தட்டையாகும். எழும்போது நீண்டு மெலியும். ஆனால் உள்ளேயிருக்கும் மாவின் அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நசுங்குதலும் நீளுதலும் ஆகிய இவ்விலக்கணத்தைக் கற்றபின்னரே திரையிலுள்ள உருவங்களுக்குப் பாரம் வந்தது. ஓடப் புகுவோன் முதலிற் சிறிது பின்வாங்குவதும், நின்றவன் உடை சிறிது நேரம் அசைந்து ஓய்வதும் இதனோடு சேர்ந்த பிற இலக்கணங்கள். அப்பட்டறையின் முதிய ஓவியர் இருவரான பிராங்க் தோமசும் ஒல்லி ஜோன்ஸ்டனும் 1981ஆம் ஆண்டில் எழுதிய பெருநூலில் இவற்றைப் பன்னிரண்டாகத் தொகுத்தனர். இலக்கியம் தோன்றிய பின்னரே இலக்கணம் எழும் என்பது இங்கும் உண்மையாயிற்று.

1937 டிசம்பர் 21ஆம் நாள் முதன்முதலாகக் காட்டப்பட்ட 'ஸ்னோ வைட்டும் ஏழு குள்ளர்களும்' என்னும் நீண்ட படத்தைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். எனவே அதில் நாம் கூறவிருப்பது ஒன்றே. ஓவியர் பென்சிலால் வரைந்த சித்திரங்களைச் செலுலோயிட் தாளிலே மையாற் பிரதி செய்தவர்களும், தாளின் மறுபுறத்தில் வர்ணம் தீட்டியவர்களும் ஏறத்தாழ எல்லோரும் மகளிர். அவ்விளவரசியின் கன்னச் செம்மை தாள்தோறும் தனித்தனியே அவர்கள் கையாற் சேர்க்கப்பட்டது. மயிரிழை போன்ற கோட்டை நடுக்கமின்றி இழுத்தல் எளிய வித்தையன்று; அக்கோட்டின் பருமையும் மென்மையும் அசைவுக்கு இசைய மாறுதலும் வேண்டும். ஆயினும் படத்தை ஆக்கும் ஓவியராதற்கு அவர்கட்கு வழியில்லை. 1938ஆம் ஆண்டில் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு, ஆக்கப்பணியில் மகளிர் சேர்க்கப்படுவதில்லை என்று அந்நிறுவனம் மறுமொழி அனுப்பியது. அக்கடிதம் இன்றும் உளது. ஆடவருள்ளும் பலர் குறைந்த ஊதியத்துக்குப் பெயரின்றி உழைத்தனர். 1941 மே மாதத்தில் அங்கு தொடங்கிய வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் நீடித்து, ஈற்றில் தொழிற்சங்கம் அங்கீகரிக்கப்பட்டது. 'கைவரை' என்று நாம் போற்றும்போது யாருடைய கை என்பதையும் நினைத்தல் தகும்.

டிஸ்னியின் படங்கள் அழகை நாடின. வோர்னர் சகோதரர் நிறுவனத்தின் படங்கள் நகைச்சுவையை நாடின. நகையைப் பொறுத்தவரை பின்னவையே உயர்ந்தன என்பது எம் துணிபு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களன் நான்கு வகுத்தார். எள்ளலும் பேதைமையும் அவற்றுள் அடங்குவன. 1940ஆம் ஆண்டில் உருப்பெற்ற பக்ஸ் பணி என்னும் முயல் தன்னைக் கொல்ல வந்த வேடனை நோக்கிப் பதற்றமின்றிக் கரட் கடித்துக்கொண்டு பேசுகின்றது, அது எள்ளல். 1949இல் சக் ஜோன்ஸ் படைத்த கொயோட்டி என்னும் பாலைவன ஓநாய், ஓடும் பறவை ஒன்றைப் பிடிக்க ஓயாது பொறி வைத்துத் தானே அதில் அகப்படுகின்றது, அது பேதைமை. மலைவிளிம்பைக் கடந்து வெறும் வெளியில் ஓடும் அந்த ஓநாய், கீழே பார்க்கும்வரை விழுவதில்லை. பார்த்தபின் விழுகின்றது.

அவ்வீழ்ச்சியின் கணக்கை ஜோன்ஸ் கூறியிருக்கிறார். உருவம் சிறுத்துக் கண்ணுக்கு மறைதற்குப் பதினெட்டுச் சட்டங்கள். அதன்பின் பதினான்கு சட்டங்கள் கழிந்து ஆழத்திலே சிறு புழுதி எழல் வேண்டும். பதின்மூன்றாயினும் பதினைந்தாயினும் சிரிப்பு வாராது என்பது அவர் கண்ட முடிவு. ஒரு சட்டம் என்பது விநாடியில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. கண்ணிமைக்கும் பொழுதை ஒரு மாத்திரை என வரையறுத்து, அதனிலும் குறுகிய ஒலிகளையும் அளந்த இலக்கணிகளின் வழியில் வந்த நமக்கு, இத்தகைய நுண்கணக்கு வியப்பன்று. செய்யுளில் மாத்திரை பிழைத்தால் ஓசை கெடும். இங்கே சட்டம் பிழைத்தால் நகை கெடும். அதே ஓவியர் 1953இல் ஆக்கிய 'டக் அமக்' என்னும் படத்தில், வரைவோனின் பென்சிலோடு ஒரு வாத்து வழக்காடுகின்றது. பின்னணி அழிகின்றது, குரல் மாறுகின்றது, வாத்தின் உருவமே துடைக்கப்பட்டு வேறொன்று வரையப்படுகின்றது. எல்லாம் இழந்த பின்னும் அது அவ்வாத்தே என்பதை நாம் ஐயமின்றி அறிகின்றோம். மூன்று பன்றிகள் தொடங்கிவைத்த உண்மை இங்கே முற்றுப்பெறுகின்றது.

இப்படங்களைப் புகழ்வோர் மறைத்துவிடும் மாசு ஒன்றும் உண்டு. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் உருவங்கள் அக்காலப் பட்டறைகள் பலவற்றிலிருந்தும் வெளிவந்தன. உலகப்போர்க் காலத்தில் யப்பானியரும் அவ்வாறே வரையப்பட்டனர். பாத்திரங்கள் அணியும் வெண்கையுறையும், முகத்திற் கரிபூசிக் கறுப்பினத்தவர் போல் நடித்து நகையாடிய பழைய அமெரிக்க மேடைக்கோலத்தோடு உறவுடையது என்று ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். 1968ஆம் ஆண்டில் வோர்னர் படங்களுட் பதினொன்று தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து விலக்கப்பட்டன. அக்காலம் அத்தகையது என்று கூறி இதனைக் கடந்துபோதல் எளிது. ஆனால் இக்குற்றம் கலைக்குப் புறம்பானதன்று. வேண்டியதை மட்டும் எடுத்து, வேண்டாததை விலக்கி, எடுத்ததை மிகைப்படுத்துவதே இக்கலையின் ஆற்றல். ஒரு வாத்தின் சினத்தை இரண்டு கோடுகளில் அடக்கும் அதே ஆற்றல், ஒரு மக்களினத்தையும் இரண்டு கோடுகளில் அடக்கிவிட்டது.

1950ஆம் ஆண்டுகளிற் படமாளிகைகளின் வருவாய் சுருங்கி, தொலைக்காட்சி பெருகிற்று. டொம் என்னும் பூனையையும் ஜெரி என்னும் எலியையும் படைத்து ஏழு ஒஸ்கார் விருதுகள் பெற்ற பட்டறை 1957இல் மூடப்பட்டது. அதன் தலைவர்களான ஹனாவும் பார்பெராவும் தொலைக்காட்சிக்குச் சென்றனர். அங்கே கிடைத்த பணம் முன்னையதன் மிகச்சிறு பங்கே. எனவே உடலை அசையாது நிறுத்தித் தலையை மட்டும் அசைத்தனர். அதன்பின் வாயை மட்டும் அசைத்தனர். யோகி என்னும் கரடி கழுத்துப்பட்டையும் டையும் அணிந்திருப்பது அலங்காரத்துக்கன்று. தலையைத் தனித்தாளில் வரைந்து உடலோடு பொருத்தும் இடத்தை அது மறைக்கின்றது. சித்திரங்களின் தொகை குறைந்தமை மட்டுமே இதிற் குறையென்று கொள்ளுதல் தவறு. 1950இல் யூ.பி.ஏ. பட்டறை ஆக்கிய 'ஜெரல்ட் மக்போயிங்போயிங்' என்னும் படத்திலும் சித்திரங்கள் சிலவே, கோடுகளும் சிலவே. சுவர்கூட முழுமையாக வரையப்படவில்லை. பேச்சுக்குப் பதிலாக ஒலிகளையே எழுப்பும் சிறுவனின் தனிமை அவ்வெறுமையிலே நன்கு புலப்படுகின்றது. அங்கே குறைத்தவன் ஓவியன். இங்கே குறைத்தது கணக்கேடு.

1961ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட '101 டல்மேஷன்கள்' என்னும் படத்தில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. உடலெங்கும் புள்ளியுடைய நாய்கள் பலவற்றை மையாற் பிரதி செய்தல் பெருஞ்செலவாதலின், பென்சிற் சித்திரத்தைச் சீரொக்ஸ் பொறியால் நேரே தாளிற் பதித்தனர். இதன் விளைவு விசித்திரமானது. ஓவியர்கள் தம் சொந்தக் கோட்டை, அதன் கரடுமுரட்டோடு, முதன்முறையாகத் திரையிற் கண்டு மகிழ்ந்தனர். டிஸ்னியோ அக்கோட்டின் கரடுமுரட்டை விரும்பவில்லை. மையெழுதிய மகளிர் பலர் வேலையிழந்தனர். ஒரு கை திரைக்கு நெருங்கி வந்தது. மற்றொரு கை மறைந்தது. கைவரை இவ்வாண்டிலே மேம்பட்டதா, குன்றியதா என்று கேட்பின் எம்மால் ஒரு விடை கூறல் இயலாது. இரண்டும் நிகழ்ந்தன.

கணினி வந்தபின் நிகழ்ந்ததையும் இவ்வாறே பகுத்து நோக்குதல் வேண்டும். 1995ஆம் ஆண்டின் 'டோய் ஸ்டோரி' முழுவதும் கணினியால் ஆக்கப்பட்ட முதல் நெடும்படம். அதனை நெறிப்படுத்தியவர் டிஸ்னியின் முதிய ஓவியர்களிடம் கற்றவர். மாச்சாக்கின் இலக்கணத்தைக் கணினிக்கு ஏற்ப விளக்கி 1987இலேயே கட்டுரை எழுதியவர். ஆகவே காலத்தைப் பற்றிய தீர்ப்பு அழிந்துவிடவில்லை; கை மாறியது. எனினும் வேறுபாடு ஒன்று உண்டு. கணினியில் இரண்டு நிலைகளைக் குறித்தால், இடைநிலைகளை அது தானே நிரப்பிவிடும்; ஓவியன் தலையிட்டுத் திருத்தினாலன்றி அவ்விடைநிலைகள் உயிரற்ற ஒழுங்கோடு அமையும். தாளிலே வரைவோனுக்குத் தீர்ப்பிலிருந்து தப்ப வழியில்லை. ஒவ்வோர் இடைநிலையையும் ஒரு மனிதன் வரைந்தே தீரல் வேண்டும். சோம்பலுக்கு இடமில்லாத கருவி பென்சில் எனலாம்.

யப்பானில் இப்பழைய முறை நெடுங்காலம் நிலைத்தது. 'சசாயே சான்' என்னும் தொலைக்காட்சித் தொடர் 2013 வரை செலுலோயிட் தாளைக் கைவிடவில்லை. ஹயாவோ மியசாக்கி பெரிதும் கைவரையால் ஆக்கிய 'சிறுவனும் நாரையும்' 2023இல் வெளிவந்து, அடுத்த ஆண்டில் ஒஸ்கார் விருது பெற்றது. அமெரிக்காவிலோ பழைய தாள்களுள் எஞ்சியவை சிலவே. பல, படம் பிடித்தவுடன் கழுவப்பட்டு மறுபடியும் பயன்படுத்தப்பட்டன; பல எறியப்பட்டன. எஞ்சியவற்றுட் பழையவை எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை. அவை மஞ்சளித்துச் சுருங்குகின்றன. இன்று அவற்றைப் பெருவிலை கொடுத்து வாங்கிச் சட்டமிட்டு மாட்டுகின்றனர். அவ்வாறு மாட்டிய தாளின் முகப்பிலே கோடுகள் தூய்மையாகவும் வர்ணங்கள் சமமாகவும் தோன்றும். தாளைத் திருப்பினால், வர்ணம் தடித்தும் மெலிந்தும், எல்லையைச் சிறிது கடந்தும், தூரிகையின் சுவடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும். தீட்டியவரின் பெயர் அங்கும் இராது.